பின்பக்கம் பிடித்தவன்

ஜனவரி 9

தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. உனக்கு முன்னால் இங்கே ஓர் அதிகாரி இதைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புகிறார். முன்பின் தெரியாத அவருக்கே அந்தப் பொறுமை இருக்கும்போது கூடப்பிறந்தவனுக்கு இருக்கக்கூடாதா?

உள்ளே வந்து இரண்டு வருடம் ஆகிறது. முதல் வருடம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இப்போது அப்படி இல்லை. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் வாரம் ஒரு நாள் வந்து எங்களுக்கு வகுப்பு எடுக்கிறார். டீச்சர் என்று கூப்பிடுகிறோம். வந்த முதல் நாளே, "வெளியே போற அன்னிக்கு நீங்க யாரா இருக்கணும்னு ஆசைப்படுறீங்க?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவன், வெளியே போனால் போதும், யாராக இருந்தால் என்ன என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து இலக்குகளை எழுதச் சொன்னார். மற்றவர்கள் பீடியை விடுவேன், கோபத்தைக் குறைப்பேன் என்று எழுதினார்கள். நான் பெரிதாக எழுதினேன். அப்பா போனபோது கடைக்காகப் பாதியில் விட்டேனே, அந்தப் பள்ளி இறுதித் தேர்வை எழுதிப் பாஸ் பண்ணுவது. அப்புறம் தபால் வழியில் கட்டடப் படிப்பில் ஒரு பட்டம். வெளியே வந்ததும் அந்தச் சந்துக் கடையை மூடிவிட்டு, மாடிக் கட்டடங்களுக்கு முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிற கம்பெனி. சலூனுக்கும் ஃபோட்டோ சட்டத்துக்கும் துண்டு வெட்டிக்கொண்டே சாக நான் பிறக்கவில்லை. டீச்சர் என் தாளை மட்டும் எடுத்து எல்லோருக்கும் படித்துக் காட்டினார். ஆசைப்பட்டால் இப்படி ஆசைப்பட வேண்டும் என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் அந்தத் தேர்வில் பாஸ் பண்ணி, பாதிக்கப்பட்டவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால், மிச்சம் இருக்கிற மூன்று வருடத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லித் தண்டனைக் குறைப்புக் குழுவிடம் மனுக் கொடுக்கலாம். பாதிக்கப்பட்டவர் என்றால் நீ. சட்டத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள், நான் வைத்த பெயர் இல்லை. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அடியில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். உனக்காகப் படிப்பையே விட்டவன் கேட்கிறேன்.

உன் அண்ணியை ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்.

தாளில் இடம் இருப்பதால் கேட்கிறேன், கை எப்படி இருக்கிறது?

அண்ணன்


ஜனவரி 30

அண்ணாவுக்கு,

பெரிய இலக்கெல்லாம் எழுதி முடித்த பிறகும் தாளில் இடம் இருந்ததால் என் கை. விசாரித்ததற்கு நன்றி.

கை இருக்கிறது. முழங்கைக்குக் கீழே சட்டையோடு சட்டையாகத் தொங்குகிறது. டாக்டர் தையலெல்லாம் அழகாகத்தான் போட்டார், அறுந்த நரம்புதான் சேரவில்லை. விரல்கள் பாதி மடங்கி நிற்கின்றன. முழுக்க மூடுவதும் இல்லை, விரிவதும் இல்லை. டீ டம்ளர் சுட்டால் அதற்குத் தெரியாது. கொப்புளம் வந்தபிறகு நான் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். இந்தக் கோழிக் கிறுக்கல் இடது கையின் வேலை. ஒரு பக்கம் முடிப்பதற்குள் கழுத்து இறுகிப் போகிறது. இப்படிப்பட்டவனிடம் வந்து ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் என்கிறாய். உனக்கு எப்போதுமே தமாஷ் அதிகம்.

அங்கே வகுப்பில் நீ என்ன சொல்லி வைத்திருக்கிறாயோ தெரியாது. அதிகாரி படிப்பார் என்றாயே, இதை அவருக்காகவே எழுதுகிறேன். ஐயா, பெரிய கண்ணாடியை இரண்டு பேர் தூக்குவோம். முன்பக்கம் பிடிப்பவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. திரும்பினால் கண்ணாடி முறுக்கிக்கொண்டு உடையும். அதனால் பின்பக்கம் பிடிப்பவன்தான் இரண்டு பேருக்கும் கண். தூக்கு, நில்லு, இறக்கு எல்லாம் அவன்தான் சொல்வான். எங்கள் கடையில் எப்போதும் இவர் பின்பக்கம், நான் முன்பக்கம். அன்றைக்குத் தையல்கடை ஷோகேஸுக்காக ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைவாசலில் இறங்கினோம். முந்தின நாள் இவர் சலூன் கண்ணாடி ஒன்றை அளவு குறைத்து வெட்டியிருந்தார். அதை நான் வாடிக்கையாளர்கள் முன்னால் சொல்லிவிட்டேன். "அப்ப நீயே தூக்கிக்கோ" என்று பின்னால் சத்தம் கேட்டது. இரண்டு கையையும் எடுத்துவிட்டார். நான் அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை ஐயா. தொழில் அப்படிப் பழக்கியிருந்தது.

அண்ணி வரமாட்டார்கள். கடையில் வேலை இருக்கிறது. இப்போது அவர்கள் முன்பக்கம், நான் பின்பக்கம். தோளிலிருந்து ஒரு தோல் வாரைக் கண்ணாடிக்கு அடியில் கொடுத்து, இடது கையால் மேலே பிடித்துக்கொள்கிறேன். பழகுகிற காலத்தில் நாங்கள் உடைத்த கண்ணாடி ஒரு வீட்டு ஜன்னல் எல்லாவற்றுக்கும் போதும். இப்போது உடைவதில்லை.

சரி, நானும் ஓர் இலக்கு வைக்கிறேன், உனக்கு. அந்தத் தேர்வை முழுக்க இடது கையால் எழுது. ஒரு வரிகூட வலது கையால் எழுதக்கூடாது. உன் டீச்சர் சாட்சி சொல்லட்டும். பாஸ் பண்ணு, கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். உன் கையைக் கேட்கவில்லை அண்ணா. கொஞ்ச நாள் மேசைக்குக் கீழே வை என்றுதான் கேட்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 11

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படிக்க என்னோடு இருக்கிற ஒருவனின் உதவி தேவைப்பட்டது. மருந்துக்கடையில் வேலை பார்த்தவன், எந்தக் கிறுக்கலையும் படித்துவிடுவான். அவனே இரண்டு இடத்தில் திணறினான்.

அதிகாரிக்குக் கதை சொல்லியிருக்கிறாய். அவர் என்னைக் கூப்பிட்டு முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்பினார். திருப்திதானே? எனக்குத் தண்டனை கொடுத்தாயிற்று, அனுபவித்துக்கொண்டும் இருக்கிறேன். அதற்கு மேல் ஒரு தண்டனை கொடுக்க நீ என்ன மேல்கோர்ட்டா?

நீ உண்மை பேசினால் நானும் பேசுவேன். நீ கண்ணாடி வெட்டின லட்சணம் எனக்குத் தெரியாதா? கோடு ஒரே இழுப்பில் விழ வேண்டும், கீறின கோட்டின் மேல் மறுபடி கீறக்கூடாது என்று தலைதலையாக அடித்துக்கொள்வேன். நீ மறுபடி கீறுவாய். அது பல்லை இளித்துக்கொண்டு உடையும். உட்கார்ந்து ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்து முதுகு ஒடிந்தது எனக்கு. உன் வலது கை போனதில் உனக்கு நஷ்டம் இருக்கலாம். தொழிலுக்குப் பெரிய நஷ்டம் இல்லை.

அவளைக் கண்ணாடி தூக்க வைத்திருக்கிறாய். தெருவில் பார்க்கிறவர்கள் என்ன பேசுவார்கள் என்று யோசித்தாயா? நான் வந்ததும் முதல் வேலையாக அதை நிறுத்துவேன்.

இடது கையால் தேர்வு எழுத வேண்டுமாம். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். நான் வலது கையால்தான் எழுதுவேன், முதல் மார்க்கும் வாங்குவேன். மரியாதையாகக் கையெழுத்தைப் போட்டு அனுப்பு.

அண்ணன்


பிப்ரவரி 24

அண்ணாவுக்கு,

கடிதத்தை அண்ணிதான் பிரித்தார்கள். தொழிலுக்குப் பெரிய நஷ்டம் இல்லை என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தைத் திரும்பவும் ஒருமுறை படித்தார்கள். பிறகு கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, நான் வெட்டி வைத்திருந்த கண்ணாடிகளை எடுத்து ஓரம் தேய்க்காமலே வாடிக்கையாளரிடம் கொடுத்தார்கள். தேய்க்க ஒன்றும் இல்லை. இடது கையால் நான் வெட்டுவது ஒரே இழுப்பு. இரண்டாவது இழுப்புக்குத் தெம்பு கிடையாது.

உன் தாள் கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. காற்றில் பறக்காது, மழையில் நனையாது. கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. அதற்கு மேலேதான் டம்ளரை வைத்து டீ குடிக்கிறோம்.

தம்பி


ஏப்ரல் 3

தம்பி,

இது இடது கை. சுருக்கமாக எழுதுகிறேன்.

கையெழுத்து இல்லாமல் மனுவை வாங்கவே மாட்டார்களாம். டீச்சரும் கேட்டுப் பார்த்தார். இன்னும் மூன்று வருடம் இந்தச் சுவர். யோசித்தேன். வேறு வழி இல்லை.

வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறேன். அப்படியும் எழுந்து வருகிறது. எழுதின மையை எழுதுகிற கையே அழித்துக்கொண்டு போகிறது. எழுத்துகள் குடித்தவன் நடக்கிற மாதிரி போகின்றன. கூட இருப்பவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். இங்கே எனக்குக் கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். இப்போது பாலர் பள்ளி என்று கூப்பிடுகிறார்கள்.

நேற்று அழுகை வந்துவிட்டது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 19

அண்ணாவுக்கு,

சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். உன் கடிதத்தைக் கடைச் சுவரில் ஒட்டி வைத்தேன். வருகிறவர்கள், எந்தக் குழந்தை எழுதினது என்று கேட்கிறார்கள். அண்ணி எடுத்துவிடச் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை.

எழுதுவதோடு விட்டுவிடாதே. வலது கை என்று ஒன்று இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டு ஒரு நாள் சட்டையைப் போட்டுப் பார். கழுத்துப் பொத்தான் வரைக்கும் வந்த பிறகுதான் கீழே ஓர் ஓட்டை மாறிப்போனது தெரியும். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அப்போது எதிரில் யாராவது நின்றுகொண்டு, நான் போட்டுவிடட்டுமா என்று ரொம்ப மெதுவாகக் கேட்பார்கள். அந்தக் குரலை நீயும் ஒரு தடவை கேட்க வேண்டும். எனக்கு இருக்கிற பெரிய ஆசை அதுதான். டீச்சரிடம் சொல்லி என்னுடைய இலக்காக எழுதிக்கொள்ளச் சொல்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். நீ அழுததைப் படித்தபோது எனக்கும் ஏதோ ஆடத்தான் செய்தது. சலூன்காரர் அன்றைக்கு வந்து கைகொடுக்க நீட்டினார், நான் இடது கையை நீட்டினேன், அவர் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதோடு ஆடினது நின்றுவிட்டது.

தம்பி


மே 28

அன்புத் தம்பிக்கு,

எழுத்தைப் பார்த்தாயா? கோடு போடாத தாளில் எழுதியிருக்கிறேன், ஒரு வரிகூடச் சாயவில்லை. இதுவும் இடது கைதான். நம்ப மாட்டாய் என்று டீச்சரை விட்டுத் தாளின் பின்புறம் ஒரு வரி எழுத வைத்திருக்கிறேன்.

உனக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆரம்பத்தில் உன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இப்போது யோசித்தால் நீ எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறாய். இங்கே என்னைப் பற்றித்தான் பேச்சு. கண்காணிப்பாளர் வந்து எழுதிக் காட்டச் சொன்னார், எழுதினேன், இடது கையையே பிடித்துக் குலுக்கினார். பாலர் பள்ளி என்று கூப்பிட்டவர்கள் இப்போது வீட்டுக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லி வரிசையில் நிற்கிறார்கள். அறிவிப்புப் பலகையில் என் படத்தோடு ஒரு குறிப்பு போட்டிருக்கிறார்கள். 'விபத்தில் கையை இழந்த தம்பியின் வலியைத் தானும் உணர்வதற்காக இடது கையால் எழுதப் பழகிய அண்ணன்' என்று. கேட்டார்கள், சுருக்கமாக அப்படிச் சொன்னேன். நீட்டி முழக்கினால் யாருக்குப் புரியப்போகிறது?

உன் கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். நீ பேனாவைப் பிடிக்கிற விதமே தப்பு. நுனியை ஒட்டிப் பிடிக்கிறாய், அதனால்தான் கழுத்து இறுகுகிறது. மேலே தள்ளிப் பிடி. தாளை வலது பக்கமாகச் சாய்த்து வை. தினம் காலையில் ஒரு பக்கம் வட்டம் மட்டும் போடு. எனக்கு இரண்டே மாதத்தில் வந்தது, உனக்கு இரண்டு வருடமாகியும் வரவில்லை என்றால் குறை கையில் இல்லை, முயற்சியில்தான். மனசு வைத்தால் உன்னாலும் முடியும்.

வெளியே வந்ததும் கைபோனவர்களுக்கு எழுதச் சொல்லிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். டீச்சர், இதையும் இலக்கில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். சேர்த்துவிட்டேன். முதல் மாணவன் நீதான்.

அண்ணன்


ஜூன் 10

அண்ணாவுக்கு,

குப்புற விழுந்தாலும் உனக்கு மீசையில் மண் ஒட்டாது. எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கடிதத்தைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் என்றால், தாளை வலது பக்கமாகச் சாய்த்து வைத்தேன். பேனாவை மேலே தள்ளிப் பிடித்தேன். நீ சொன்னது சரிதான், கழுத்து வலி குறைந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடையில் ஆள் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் பேனாவை வீசி எறிந்தேன். அண்ணி பொறுக்கி எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்கள். நான் மறுபடியும் பழைய மாதிரியே பிடித்துத்தான் இதை எழுதுகிறேன். வலிக்கட்டும்.

விபத்து என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நீ சுருக்கமாகச் சொன்னாய். நான் இன்னும் சுருக்கமாகச் சொல்கிறேன், நீ விட்டாய்.

நீ என்னை மாதிரி ஆகவே இல்லை அண்ணா. அதைத்தான் நான் கேட்டேன், அது நடக்கவில்லை. நீ எழுதுகிற நேரம் முழுக்க உன் வலது கை தொடைக்கு அடியில் வெதுவெதுப்பாக உட்கார்ந்திருந்தது. மணி அடித்ததும் எழுந்து வந்து உனக்குச் சோறு ஊட்டியது. எனக்கு மணி அடிப்பதில்லை. உனக்கு வேதனையாக இருக்கட்டும் என்று ஒன்றைக் கொடுத்தால் அதையும் பரிசாக வாங்கிப் படம் பிடித்து மாட்டிக்கொள்கிறாய். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். என்னை அடித்துவிட்டு, அடித்த கை வலிக்கிறது என்று அம்மாவிடம் காட்டி எண்ணெய் தடவிக்கொள்வாய்.

உன்னை நான் வெறுக்கிறேன். இதைக் கோர்ட்டில்கூடச் சொல்லவில்லை, இப்போது எழுதுகிறேன்.

ஆனாலும் சொன்னது சொன்னதுதான். பாஸ் பண்ணு, போடுகிறேன். பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

தம்பி


ஆகஸ்ட் 22

தம்பிக்கு,

பாஸ். இந்தச் சிறையில் எழுதினவர்களில் நான்தான் முதல். எல்லாத் தாளும் இடது கை. டீச்சரின் சாட்சிக் கடிதமும் மார்க் நகலும் வைத்திருக்கிறேன்.

போன கடிதத்தில் நீ எழுதினதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. பெரியவனுக்குப் பொறுமை வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். நம் தொழிலில் ஒரே இழுப்புத்தான். ஒரு நிபந்தனை போட்டாய், நான் நிறைவேற்றிவிட்டேன். அதே கோட்டில் இன்னொரு தடவை கீறாதே.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிற தாளை எடு. குழு அக்டோபரில் கூடுகிறது.

இன்னொன்று. கடையில் என் இடத்தைத் தயாராக வை. வந்த அன்றைக்கே வேலையில் இறங்கிவிடுவேன். அவள் இனிமேல் கண்ணாடியைத் தொட வேண்டாம். பழையபடி நான் பின்பக்கம், நீ முன்பக்கம். உனக்கு இருக்கிற ஒரு கைக்கு முன்பக்கம்தான் சௌகரியம்.

அண்ணன்


செப்டம்பர் 7

அண்ணாவுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அண்ணி தாளைப் பிடித்துக்கொண்டார்கள், நான் போட்டேன். நேரில் போய்க் குழுவின் அலுவலகத்தில் கொடுத்து ரசீதும் வாங்கிக்கொண்டோம். இனி நான் நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது. உன்னிடம் நான் கேட்க வேண்டியது எதுவும் மிச்சம் இல்லை. கீழே எழுதியிருப்பது நிபந்தனை இல்லை, கடை நிலவரம்.

பெரிய தெருவில் ஒரு மருந்துக்கடை வருகிறது. முகப்பு முழுக்க ஒரே கண்ணாடி வேண்டுமாம். தையல்கடைக் கண்ணாடியைவிடப் பெரியது, கனம் இரண்டு மடங்கு. நவம்பரில் வந்து இறங்கும். அதைத் தூக்க அண்ணியின் உடம்பு தாங்காது. நீ வந்துவிடுவாய், நீ பிடிப்பாய் என்று சொல்லி ஒத்துக்கொண்டேன்.

ஆனால் நீ முன்பக்கம்.

இதை நான் சொல்லவில்லை. நீ பழையபடி பின்பக்கம் என்று எழுதியிருந்ததை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அவர்கள் அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். நிறுத்தாமலே சொன்னார்கள். "வரட்டும். ஆனா அவரு முன்னாடி பிடிக்கட்டும். பின்னாடி நீங்கதான்." அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

நீ முன்பக்கம் பிடித்ததே கிடையாது, அதனால் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். முன்னால் தெரு மட்டும் தெரியும். படி வந்தால் நான் சொல்லும் வரைக்கும் காலை வைக்கக்கூடாது. கண்ணாடி முதுகுக்குப் பின்னால் லேசாக ஆடிக்கொண்டே வரும். பிடறியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்க்கத் தோன்றும், பார்க்கக்கூடாது. நான் எதுவும் பேசாமல் வந்தால், ஏன் பேசவில்லை என்று நினைப்பாய். பேசினால், குரலில் கோபம் இருக்கிறதா என்று கேட்பாய். கடைவாசலில் இருந்து பெரிய தெரு வரைக்கும் இப்படித்தான் நடக்க வேண்டும். நான் பதினான்கு வயதிலிருந்து உனக்கு முன்னால் அப்படித்தான் நடந்தேன். நீ பிடித்திருக்கிறாய் என்கிற நினைப்பில் எனக்கு அப்போது எறும்பு ஊர்ந்தது இல்லை.

நீ பயப்பட வேண்டாம். வார் நல்ல தோல், புதிதாகத் தைத்தது. அதுவாக அறுந்து விழாது. நானாக விட்டால்தான் உண்டு.

நாள் தெரிந்ததும் எழுது. வாசலுக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

தம்பி


அக்டோபர் 16

தம்பிக்கு,

குழு கூடியது. என் மனுவுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. உன் கையெழுத்துக்கு நன்றி. கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு அவர் கையாலேயே உத்தரவைக் கொடுத்தார்.

நிறைய யோசித்தேன். பட்டப்படிப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். மூன்று வருடப் படிப்பு, பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிடும். பாடப் புத்தகங்கள் இங்கேயே நூலகத்தில் இருக்கின்றன, டீச்சர் இருக்கிறார், தேர்வும் இங்கேயே எழுதலாம். வெளியே வந்துவிட்டால் கடை, வீடு, அது இது என்று படிப்பு பாதியில் நின்றுபோகும். ஒரு தடவை அப்படி நின்றதால்தான் வாழ்க்கையே இப்படி ஆனது. டீச்சர்கூட, வெளியே போய்ப் படிக்கலாமே என்றுதான் சொன்னார். அவருக்கு நம் கடை நிலவரம் தெரியாது. அதனால் என் மனுவை நானே திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். இப்படி ஓர் ஆளை இதுவரை பார்த்ததில்லை என்று கண்காணிப்பாளர் சொன்னார். பலகையில் இதையும் போடுவதாகப் பேச்சு.

நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் போன கடிதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு கண்ணாடியைத் தூக்க எனக்கு என்ன பயம்? முன்பக்கம் என்ன, நீ எந்தப் பக்கம் சொன்னாலும் பிடிப்பேன். இலக்கு என்று ஒன்றை வைத்துவிட்டால் சின்னச் சின்ன விஷயங்களுக்காக அதை விட்டுவிடக்கூடாது, அவ்வளவுதான். மிச்சம் இருக்கிற வருடங்கள் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

மருந்துக்கடைக்காரரிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடு. அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல். அவசரமாக எழுதியதால் வலது கையால் எழுதிவிட்டேன்.

அண்ணன்


நவம்பர் 4

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே கண்ணாடியும் வந்தது. லாரிக்காரர்கள் இறக்கிக் கடைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு மாடி முழுக்க அதில் தெரிகிறது.

வலது கையால் எழுதியிருக்கிறாய். அழகான கையெழுத்து, அதில் ஒன்றும் குறை சொல்ல முடியாது.

நீ பயந்துவிட்டாய் அண்ணா. பயத்துக்குப் பட்டம் என்று பெயர் வைத்திருக்கிறாய். பூட்டு, சுவர், கம்பி எல்லாவற்றையும் விட என் முன்னால் நடப்பது உனக்குப் பெரிதாகத் தெரிந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை.

நான் விட்டிருப்பேனா என்று நீ யோசித்திருப்பாய். நானும் யோசித்தேன். வாரைத் தோளில் மாட்டும்போதெல்லாம் யோசித்தேன். நினைப்பில் சில நாள் விட்டேன், சில நாள் விடவில்லை. உன் முதுகைப் பார்த்தபிறகு என்ன செய்திருப்பேன் என்று உண்மையாகவே எனக்குத் தெரியாது. விட்டிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அதை எனக்கே காட்டிக்கொள்ளத்தான் நீ வர வேண்டும் என்று இருந்தேன். அதற்கும் நீ இடம் கொடுக்கவில்லை.

மருந்துக்கடைக்காரரிடம் வேறு ஆள் பார்க்கச் சொல்லவில்லை. சொல்லலாம் என்றுதான் கிளம்பினேன். அண்ணி உன் கடிதத்தைக் கேட்டு வாங்கினார்கள். நின்றுகொண்டே படித்தார்கள். "வர மாட்டாராமா?" என்றார்கள். மாட்டாராம் என்றேன்.

அவ்வளவுதான் கேட்டார்கள். கண்ணாடியின் கீழ் மூலை தரையில் இடித்துக்கொண்டிருந்தது. கடிதத்தை நான்காக மடித்து மூலைக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்கள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு போய் முன்பக்கம் நின்று, தெருவைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டார்கள். கனம் இரண்டு மடங்கு அண்ணி, உங்களால் முடியாது என்றேன். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வாரை மாட்டிக்கொண்டு, தூக்கு என்றேன்.

தம்பி